காதல் பாட்டில் துருக்கி மொழி

அவையோருக்கு வணக்கம். துருக்கி மொழி படிக்க ஆரம்பிப்பவர்கள் எடுத்தவுடன் சொற்பட்டியலைத்தான் தேடுகிறார்கள். அதை மூடி வைத்துவிட்டு ஒரு காதல் பாட்டைப் போடுங்கள் என்கிறேன் நான். காதல் பாட்டில் சரக்கு குறைவு. கண், நெஞ்சு, இரவு, பிரிவு, வா, போகாதே... சுற்றிச் சுற்றி இவ்வளவுதான். ஆனால் வரிக்கு வரி அதே சொல் வேறு வேறு விகுதியோடு வரும். நாம் பிடிக்க வேண்டியது அந்த விகுதியை.

'கோஸ்' என்றால் கண். 'கோஸ்லெர்', கண்கள். 'கோஸ்லெரின்', உன் கண்கள். 'கோஸ்லெரின்தெ', உன் கண்களில். நம் 'கண்களில்' மாதிரியேதான். 'உன்' மட்டும் முன்னால் நிற்காமல் நடுவில் போய் ஒட்டிக்கொள்கிறது. 'செவியோரும்' என்பதும் 'நேசிக்கிறேன்' போல வினை, காலம், ஆள் என்ற வரிசையிலேயே வரும். தமிழ்க் காதுக்கு இது பாதி பழகிய சங்கதி.

சோகப் பாட்டென்றால் 'சென்சிஸ்' எப்படியும் வந்துவிடும். நீ இல்லாமல் என்று பொருள். அந்த 'சிஸ்' கைக்கு வந்துவிட்டால் கடையில் போய் 'ஷெகெர்சிஸ்' என்று சர்க்கரை இல்லாமல் கேட்கலாம். உப்பு வேண்டாமென்றால் 'துஸ்சுஸ்'. 'சிஸ்' ஏன் 'சுஸ்' ஆனது? முன்னால் உள்ள உயிரொலிக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறும். இலக்கணப் புத்தகம் இதற்குப் பெரிய அட்டவணையே போடும். பாட்டு கேட்டவர்களுக்கு அட்டவணை தேவைப்படாது, தப்பாகச் சொன்னால் காதே உறுத்தும்.

சொற்களிலும் தெரிந்த முகங்கள் உண்டு. நெஞ்சைக் குறிக்கும் 'கல்ப்', வாழ்வைக் குறிக்கும் 'ஹயாத்' இரண்டும் அரபியிலிருந்து துருக்கிக்குப் போனவை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் கல்பு, ஹயாத் என்று புழங்குபவைதான்.

சரி, சிக்கல் எங்கே? படர்க்கையில் அவன், அவள் எல்லாமே 'ஓ' ஒன்றுதான். ஏங்குவது ஆணுக்காகவா பெண்ணுக்காகவா என்று பல பாட்டுகளில் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது! அப்புறம், பாட்டில் சந்தத்துக்காக வினைச்சொல்லை முன்னுக்கு இழுத்துவிடுவார்கள். சாதாரணமாகப் பேசும்போது தமிழைப் போல அது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். காதலனையோ காதலியையோ குறிக்கும் 'யார்' என்ற பழைய சொல் நாட்டுப்பாடல்களில் நிறைய வரும். அதைப் பாட்டோடு விட்டுவிடுங்கள், கடைத்தெருவில் சொன்னால் சிரிப்பார்கள்.