கோட்டுக்குள்ள இருந்தா கை வைக்காதீங்க

நேயர்களுக்கு வணக்கம். குவாலிட்டின்னு சொன்னாலே சிக்ஸ் சிக்மா, லீன், கைசன்னு வரிசையா பேரு வரும், நான் இன்னைக்கு கன்ட்ரோல் சார்ட், அதாவது ஒரு வேலையில வர்ற ஏற்ற இறக்கம் இயல்பானதா இல்லையான்னு காட்டுற வரைபடம், அது ஒண்ணைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன், ஏன்னா இது பிடிபடாம மத்ததை எல்லாம் எடுத்தா பாதி உழைப்பு வீணாத்தான் போகுது.

ஒரு பேக்கிங் மெஷின், பாக்கெட்டுக்கு 500 கிராம் விழணும்னு வச்சுக்கோங்க. ஆபரேட்டர் ஒண்ணை எடுத்து எடை போடுறாரு, 503. உடனே செட்டிங்ல 3 கிராம் குறைக்கிறாரு. அடுத்தது 496, இப்போ 4 கிராம் ஏத்துறாரு. நாள் பூரா இதே வேலை. ஆனா மெஷின் முதல்லயே 500ஐ ஒட்டி ஒழுங்காத்தான் ஓடிட்டிருந்துச்சு, ரெண்டு மூணு கிராம் முன்ன பின்ன ஆடுறது அதோட இயல்பு, இவரு ஒவ்வொண்ணுக்கும் திருகுனதாலதான் ஏற்ற இறக்கம் இன்னும் கூடிப்போச்சு. இப்படி விலகுன அளவு முழுசையும் ஒவ்வொரு தடவையும் திருத்திட்டே இருந்தா வேரியன்ஸ், அதாவது அளவுகள் எவ்வளவு சிதறுதுன்னு சொல்ற கணக்கு, ரெண்டு மடங்காகும், அமெரிக்க குவாலிட்டி நிபுணர் டெமிங் இதை ஒரு புனலையும் கோலியையும் வச்சே செஞ்சு காட்டுனாரு.

எதைக் கண்டுக்கணும், எதை விடணும்னு பிரிச்சுப் பாக்கத்தான் வால்டர் ஷூஹார்ட்ங்கிற அமெரிக்க நிபுணர் 1924ல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில இந்த சார்ட்டை வரைஞ்சு கொடுத்தாரு. நடுவுல சராசரி, மேலயும் கீழயும் 3 சிக்மா தள்ளி ரெண்டு கோடு, அவ்வளவுதான். சிக்மான்னா அளவுகள் சராசரியில இருந்து வழக்கமா எவ்வளவு விலகும்னு சொல்ற அளவு. புள்ளி கோட்டைத் தாண்டுச்சுன்னா, இல்ல எட்டு புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கமா விழுந்துச்சுன்னா ஏதோ மாறியிருக்கு, அப்பவே போய்ப் பாக்கணும். இதுல ஒண்ணு, அந்தக் கோடு கஸ்டமர் சொல்ற லிமிட் கிடையாது, உங்க ப்ராசஸோட டேட்டாவே சொல்றது. நிறைய பேரு இங்கதான் குழப்பிக்கிறாங்க.

ஆபீஸ்லயும் இதே கதைதான். போன மாசம் கம்ப்ளெயின்ட் 41, இந்த மாசம் 46, உடனே மீட்டிங், ஆளாளுக்கு விளக்கம் எழுதித் தரணும், அடுத்த மாசம் 39ஆ இறங்குனா திட்டுனதுல சரியாயிடுச்சுன்னு முடிவு பண்ணிடுறாங்க. திட்டலைன்னாலும் இறங்கியிருக்கும்ங்க! தப்பே பண்ணாத ஒருத்தர் அந்த மாசம் பேச்சு வாங்கியிருப்பாரு, எனக்கு அதுதான் மனசு ஆறமாட்டேங்குது.

சரி, கோட்டுக்குள்ளயே ஆட்டம் ரொம்ப அதிகமா இருந்தா? அப்போ மூலப்பொருள், மெஷின், வேலை செய்யுற முறை இதைத்தான் மாத்தணும், அது ஆபரேட்டர் கையில இல்ல, நிர்வாகத்தோட வேலை. உங்ககிட்ட இருக்குற கடைசி 25 அளவை எடுத்து இன்னைக்கே ஒரு சார்ட் போட்டுப் பாருங்க, யாரையும் கூப்பிட்டுக் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி. நன்றி, வணக்கம்.