73 டாலர் 13 சென்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

2020ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் 90 வயது மூதாட்டி ஒருவர் முதியோர் இல்லத்தில் காலமானார். அரசாங்கம் அவருக்கு மாதாமாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் கொடுத்து வந்தது. எதற்காகத் தெரியுமா? அவருடைய அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். அந்தப் போர் முடிந்தது 1865இல். எண்பது வயது தாண்டிய பிறகு அந்த அப்பாவுக்குப் பிறந்த மகள் இவர். ஆக, துப்பாக்கிகள் ஓய்ந்து 155 வருஷம் வரை அந்தப் போருக்கான பணம் கஜானாவிலிருந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

போர்ச் செலவைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தச் சின்னத் தொகைதான். முதல் உலகப் போரில் ஊனமுற்ற அமெரிக்க வீரர்களுக்கான உதவித்தொகை உச்சத்துக்குப் போனதே 1969இல்தான். அதற்குள் போர் நின்று ஐம்பது வருஷம் கடந்திருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2002 செப்டம்பரில், ஈராக் மீது படையெடுக்கலாமா என்று வாஷிங்டனில் பேசிக்கொண்டிருந்தபோது, அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே ஒரு மதிப்பீடு சொன்னார். 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். அவ்வளவெல்லாம் ஆகாது என்று அரசுத் தரப்பிலிருந்தே மறுப்பு வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அவர் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. உண்மையில் ஆன செலவு அவர் சொன்னதையும் பல மடங்கு தாண்டிவிட்டது.

பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக் குழு பல வருஷமாக இந்தக் கணக்கைப் பார்த்து வருகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா நடத்திய போர்களுக்கான மொத்தச் செலவு 8 லட்சம் கோடி டாலர் என்று 2021இல் அவர்கள் மதிப்பிட்டார்கள். இதில் 2.2 லட்சம் கோடி அப்போது இன்னும் செலவே ஆகாத பணம். ஊர் திரும்பிய வீரர்களுக்கு 2050 வரை தரவேண்டிய மருத்துவத்துக்கும் உதவித்தொகைக்குமானது. இன்னொரு லட்சம் கோடிக்கு மேல், போருக்கு வாங்கிய கடனுக்கான வெறும் வட்டி. கொரியப் போரின்போது அமெரிக்கா வரியை உயர்த்தியது. வியட்நாம் போரின்போது 1968இல் கூடுதல் வரி போட்டது. இந்த முறை 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியது, மே மாதம் வரியைக் குறைத்தார்கள். முழுக்கக் கடன். மக்கள் கைப்பணம் கரைவதைப் பார்த்திருந்தால் 'இது எவ்வளவு நாள் நடக்கும்?' என்று கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்கும் சந்தர்ப்பமே அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, பணத்தை விடுங்கள். இந்தப் போர்களில் நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்கிறது அதே குழு. வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் குறைந்தது 3 கோடியே 80 லட்சம். அமெரிக்க வீரர்களில் போர்க்களங்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். தற்கொலை செய்துகொண்டவர்கள், படையில் இருந்தவர்களும் வெளியே வந்தவர்களுமாக, 30,000க்கும் மேல்.

எண்ணிக்கை பெரிதாகப் பெரிதாக முகம் மறைந்துவிடுகிறது. அதனால் ஒரே ஒரு வீட்டு வாசலைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 29, காபூல். உணவு உதவி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர் வெள்ளை டொயோட்டா காரில் வீடு திரும்புகிறார். காரில் தண்ணீர் கேன்கள். வானத்திலிருந்து கண்காணித்த அமெரிக்கப் படையினர் அதை வெடிபொருள் என்று நினைத்துவிட்டார்கள். கார் வாசலுக்கு வந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள் என்று குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். ட்ரோன் ஏவிய ஒரு ஏவுகணையில் 10 பேர் போய்விட்டார்கள், அதில் 7 பேர் குழந்தைகள். தவறு நடந்துவிட்டது என்று ராணுவம் செப்டம்பர் 17ஆம் தேதி ஒப்புக்கொண்டது. யார் மீதும் நடவடிக்கை இல்லை. அந்த வகை ஏவுகணை ஒன்றின் விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தவறுதலாகக் கொல்லப்பட்ட ஒருவரின் குடும்பத்துக்கு அமெரிக்க ராணுவம் ஆறுதல் தொகை என்று கொடுத்தது வழக்கமாக 2,500 டாலர் வரைதான். இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை.

அப்புறம், குண்டே படாமல் நேரும் இழப்பு இருக்கிறது. பாகிஸ்தானில் பின் லாடனைத் தேடியபோது, அபோட்டாபாத்தில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ ஆள் வைத்து, அவர் குடும்பத்தாரின் மரபணு மாதிரியை எடுக்கப் பார்த்தது. 2011இல் விஷயம் வெளியே வந்ததும், தடுப்பூசி போட வருகிறவர்களை ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். பாகிஸ்தானின் வசிரிஸ்தான் பகுதியில் தாலிபான் தளபதிகள் போலியோ சொட்டு மருந்தையே தடை செய்தார்கள். 2012 டிசம்பரிலிருந்து, வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்த பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2012இல் அந்த நாட்டில் 58 பேருக்கு வந்த போலியோ, 2014இல் 306 பேருக்கு வந்தது. காரணம் அது ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் உறுதி சொல்ல வேண்டி வந்ததே! கால் சூம்பிப்போன பிள்ளைகளின் கணக்கை எந்தப் போர்ச் செலவுப் பட்டியலில் எழுதுவது?

ஆஸ்பத்திரி இடிந்து, டாக்டர்கள் நாட்டை விட்டுப் போய், குடிதண்ணீர் கெட்டு, அதனால் சாகிறவர்களையும் சேர்த்தால் மொத்த இறப்பு 45 லட்சத்தைத் தாண்டும் என்று 2023இல் பிரௌன் குழு மதிப்பிட்டது. பெரும்பாலானோர் செய்தியில் வராமலே செத்துப்போனவர்கள்.

கடைசியாக ஒன்று. ஈராக்கில் பலாத் போன்ற அமெரிக்கப் படைத் தளங்களில் குப்பையைப் பெரிய பெரிய குழிகளில் கொட்டி எரித்தார்கள். பிளாஸ்டிக், பேட்டரி, பெயிண்ட், மருத்துவக் கழிவு எல்லாம் ஒன்றாக, விமான எரிபொருள் ஊற்றி. அந்தப் புகையைச் சுவாசித்த வீரர்களுக்கு நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தன. அவர்கள் வருஷக்கணக்காகப் போராடிய பிறகு, 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் சட்டம் வந்தது. இன்னின்ன நோய் வந்தால் அது போரால் வந்ததென்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையும் உதவித்தொகையும் தருகிறார்கள். நல்ல சட்டம், வந்தே தீர வேண்டிய சட்டம். புகை ஆனால் தளத்தின் வேலிக்குள்ளேயே நின்றுவிடவில்லை. வெளியே வயல் இருந்தது, வீடுகள் இருந்தன, காற்று அந்தப் பக்கமும் அடித்தது. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஈராக்கியர் அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட முடியாது.

நன்றி, வணக்கம்.