608 முறை மேற்கோளான ஐந்து வரிக் கடிதம்

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வாளர்களை மேற்கோள் எண்ணிக்கையை வைத்து எடை போடுவது பற்றித்தான் பேசப்போகிறேன், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன். பொதுச் சுகாதார ஆய்வில் ஒரு மூத்த பதவி. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் மேசையில் இரண்டு கோப்புகள்தான் மிஞ்சின. ஒன்றில் 140 கட்டுரைகள், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இண்டெக்ஸ் 31. இன்னொன்றில் 19 கட்டுரைகள், ஹெச்-இண்டெக்ஸ் 9. ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். குழுவில் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதில் பேச என்ன இருக்கிறது, எண்ணே சொல்லிவிட்டதே" என்றார். நல்ல மனிதர், நேர்மையானவர், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த எண் என்னதான் சொன்னது என்று யாராவது கேட்டிருந்தால் அவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது, என்னாலும் முடிந்திருக்காது. ஏனென்றால் அந்த 159 கட்டுரைகளில் ஒன்றைக்கூட எங்களில் ஒருவரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

இந்த ஹெச்-இண்டெக்ஸ் எப்படி வருகிறது என்று தெரியாமலே பலர் அதைப் பயன்படுத்துகிறோம். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்த கணக்கு இது. ஒருவருடைய கட்டுரைகளை, அதிக சைட்டேஷன், அதாவது மற்ற கட்டுரைகளில் மேற்கோள், வாங்கியதில் ஆரம்பித்து இறங்கு வரிசையில் அடுக்குங்கள். பத்தாவது கட்டுரைக்கு 10 அல்லது அதற்கு மேல் இருக்கிறது, பதினோராவதுக்கு 11 வரவில்லை என்றால் அவருடைய ஹெச் 10. அவ்வளவுதான். இப்போது இதை வைத்து யோசித்துப் பாருங்கள். ஒருவர் வாழ்நாளில் மூன்றே மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஐயாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் அவருடைய ஹெச் 3-ஐத் தாண்டாது. கணக்கு எடுக்கும் தரவுத்தளம் ஒன்றாகவே இருந்தால் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது, அதனால் வயது கூடக் கூட மதிப்பும் கூடியது போலத் தோன்றும். உலக நோய்ச் சுமை ஆய்வு மாதிரி நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் கட்டுரையில், ஆய்வை வடிவமைத்தவருக்கும் ஒரு பிராந்தியத்தின் தரவைச் சரிபார்த்துக் கொடுத்தவருக்கும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்புதான். புற்றுநோய் ஆய்வாளரையும் செவிலியர் பணி ஆய்வாளரையும் ஒரே தராசில் வைத்தால் முன்னவர்தான் கனமாகத் தெரிவார், அந்தத் துறையில் எழுதுகிறவர்கள் அத்தனை பேர். புற்றுநோய்ப் புள்ளிவிவர அறிக்கைகளுக்கு வந்து குவியும் சைட்டேஷனைப் பார்த்தால் தலை சுற்றும். புற்றுநோய் பற்றி எழுதுகிற யாரும் முதல் வாக்கியத்திலேயே அந்த எண்களைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள், அதுதான் காரணம்.

சரி, சைட்டேஷனை எண்ணுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது? யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் 1955-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்துப் பேசியிருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க ஓர் அட்டவணை வேண்டும் என்றார். ஏன் வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மோசடியான, அரைகுறையான, காலாவதியான தரவுகளை யோசிக்காமல் மேற்கோள் காட்டுவது நிற்க வேண்டும், பழைய கட்டுரைக்கு வந்த விமர்சனம் அடுத்து எழுதுகிறவர் கண்ணில் பட வேண்டும். அதாவது படிப்பதற்காகக் கேட்ட அட்டவணை அது. 1964-ல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. அப்புறம் இம்பாக்ட் ஃபேக்டர் வந்தது. ஒரு ஆய்விதழ் முந்தைய இரண்டு வருடங்களில் போட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை சைட்டேஷன் வந்தது என்பதுதான் அது. இதழை அளக்க வந்த அந்தச் சராசரியை மனிதர்கள் மேல் ஒட்டி, பதவி உயர்வுக்கும் நிதிக்கும் அளவுகோலாக்கியது நாம்தான்.

இப்போது ஒரு கடிதத்தின் கதையைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள்.

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஒரு கடிதம் எழுதினார்கள். ஆய்வுக் கட்டுரை இல்லை, ஆசிரியருக்குக் கடிதம், மொத்தம் ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுடைய பதிவுகளைப் பார்த்தோம், 11,882 பேருக்கு ஓபியாய்டு வகை (அபினைப் போல வேலை செய்யும்) வலி நிவாரணி ஒரு முறையாவது கொடுக்கப்பட்டிருந்தது, முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய அடிமைத்தனம் நான்கு பேரிடம்தான் தெரிந்தது என்றார்கள். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த நோயாளிகள் எங்கே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வார்டில், செவிலியர் கண் முன்னால். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

பிறகு அந்தக் கடிதம் கட்டுரையிலிருந்து கட்டுரைக்குத் தாவியது. 1990-களின் நடுவில் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை வந்த பிறகு இன்னும் வேகமாக. 2017-ல் கனடா ஆய்வாளர்கள் சிலர் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். 439-ல், அதாவது 72 விழுக்காட்டுக்கும் மேல், 'ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது' என்பதற்குச் சான்றாக அது காட்டப்பட்டிருந்தது. 491-ல் நோயாளிகள் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள் என்ற தகவலே இல்லை. அந்த ஒரு தகவல் கீழே விழுந்ததும் கடிதத்தின் அர்த்தமே மாறிவிட்டது. வட அமெரிக்காவில் ஓபியாய்டு எத்தனை குடும்பங்களைச் சூறையாடியது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மருந்து விற்ற விதம் உட்பட வேறு பெரிய காரணங்களும் உண்டு, ஐந்து வரிக் கடிதத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. ஆனாலும் மருத்துவர்களின் பயம் தெளிந்ததில் அதற்கு ஒரு பங்கு இருந்தது. இப்போது அந்த இதழே அந்தக் கடிதத்துக்கு மேல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டிருக்கிறது.

608 சைட்டேஷன். ஒருவருடைய பயோடேட்டாவில் இந்த எண்ணைப் பார்த்தால் நாம் என்ன நினைத்திருப்போம்? 'பெரிய தாக்கம்' என்றுதான். தாக்கம் இருந்தது என்பதும் உண்மைதானே.

1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரின் கட்டுரையும் இப்படித்தான். 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது, 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆயிரத்துக்கு மேல் சைட்டேஷன் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை அதை மறுத்து எழுதியவை. கூட்டிக் கொடுக்கும் கணினிக்கு மறுப்பும் ஒன்று, பாராட்டும் ஒன்று.

எண்ணை ஏற்றுவதற்கென்றே நடக்கும் வேலைகளைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே ஆய்வை நான்காக நறுக்கி நான்கு இதழுக்கு அனுப்புவது, எழுதாதவர் பெயரைச் சேர்ப்பது, நீ என்னைக் காட்டு நான் உன்னைக் காட்டுகிறேன் என்று பேசி வைத்துக்கொள்வது, காசுக்குக் கட்டுரை தயாரித்துத் தருவது. 2023-ல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 8,000-க்கும் மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இதில் எனக்கு வலிப்பது என்னவென்றால், திரும்பப் பெற்ற கட்டுரை அதோடு போய்விடுவதில்லை. ஒரு மருந்தைப் பற்றி வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் சிகிச்சை வழிகாட்டி எழுதுகிறார்கள், அந்தச் சேர்க்கையில் இரண்டு போலி ஆய்வு கலந்தால் நோயாளிக்குப் போகிற மருந்தின் அளவே மாறிப்போகலாம்.

என் கதையையும் சொல்ல வேண்டும். என் கட்டுரைகளிலேயே அதிகம் மேற்கோளான ஒன்று உண்டு, இருநூறைத் தாண்டியது, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒருநாள் ராத்திரி கூகுள் ஸ்காலரில் அந்தப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். முதல் நாற்பதில் முப்பதுக்கு மேல் ஒரே மாதிரி. 'முந்தைய ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன' என்று ஒரு வாக்கியம், அதன் வாலில் அடைப்புக்குறிக்குள் ஏழெட்டு எண்கள், அதில் ஒன்று நான். மூன்று பேர் நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருந்தார்கள். இரண்டே இரண்டு பேர் என் கேள்வித்தாளை எடுத்து வேறொரு மக்களிடம் பயன்படுத்தி, ஐந்தாவது கேள்வி மக்களுக்குப் புரியவில்லை, மாற்ற வேண்டியிருந்தது என்று விளக்கமாக எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு பேரால்தான் அடுத்த ஆய்வில் நான் அந்தக் கேள்வியைத் திருத்தினேன். இருநூறில் எனக்கு உண்மையில் கிடைத்த தாக்கம் அந்த இரண்டுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால்தான் இளைய ஆய்வாளர்கள் எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று என்னிடம் கேட்கும்போது, இதைப் படித்துவிட்டு யார் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். அப்புறம், மேற்கோள் பட்டியலில் ஏற்றுகிற ஒவ்வொரு கட்டுரையையும் முழுதாகத் திறந்து படியுங்கள், சுருக்கத்தோடு நிறுத்தாதீர்கள், இன்னொருவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். 1980 கடிதத்தைத் திறந்து ஐந்து வாக்கியம் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பதவி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்று 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த டோரா பிரகடனம், இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்கிறது. 2015-ல் வந்த லெய்டன் அறிக்கையும் எண் துணைக்கு இருக்கட்டும், தீர்ப்பு படித்தவர்களுடையதாக இருக்கட்டும் என்கிறது. விண்ணப்பிப்பவரிடம் 140-ஐக் கேட்காமல் ஐந்து கட்டுரை கேளுங்கள், ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எது, அதை யார் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள், அந்த ஐந்தையும் படியுங்கள். 'இந்த மருந்து வேலை செய்யவில்லை' என்று ஒருவர் நேர்மையாக எழுதிய கட்டுரைக்கு சைட்டேஷன் குறைவாகத்தான் வரும், ஆனால் அதனால் ஒரு நோயாளி வீணான மாத்திரையிலிருந்து தப்பியிருக்கலாம். அது படித்தால்தான் தெரியும்.

அந்தத் தேர்வுக் குழுவுக்கு வருகிறேன். முடிவை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். இருவரிடமும் ஐந்தைந்து கட்டுரை கேட்டு வாங்கிப் பிரித்துக்கொண்டு படித்தோம். 19 கட்டுரைக்காரர் ஒரே கூட்டம் மக்களைப் பன்னிரண்டு வருடம் விடாமல் பின்தொடர்ந்திருந்தார், பொறுமையான, சுத்தமான வேலை. 140 கட்டுரைக்காரர் அனுப்பிய ஐந்தைப் பார்த்ததும்தான் எங்களுக்கு ஆச்சரியம். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றுகூட அதில் இல்லை. ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளக்கும்போது வயதானவர்கள் கைப்பட்டையை எப்படித் தவறாகக் கட்டுகிறார்கள் என்று ஒரு சின்ன ஆய்வு, அதைத்தான் முதலில் வைத்திருந்தார். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டோம். அவர் எழுந்து, தன் சட்டைக் கையை மடித்து, கைப்பட்டை எங்கே நழுவுகிறது, அப்போது எண் எவ்வளவு மாறுகிறது, மருந்து தேவையில்லாதவர் எப்படி மருந்துக்குள் போய் மாட்டுகிறார் என்று இருபது நிமிடம் காட்டிக்கொண்டே பேசினார். பேனாவை மூடிய அதே நண்பர் அதைத் திறந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். 140 கட்டுரைக்காரரைத்தான் எடுத்தோம்.

அந்தக் கைப்பட்டைக் கட்டுரைக்கு அன்றைய தேதியில் 6 சைட்டேஷன்.