ரோபோ குச்சி வீசும், காத்திருக்குமா?

2017 செப்டம்பர் 12. இத்தாலில பீசா நகரத்து வெர்டி தியேட்டர். லூக்கா பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்குது, பாடகர் ஆந்திரேயா போச்செல்லி 'லா டோன்னா எ மோபிலே'ங்கிற ஓபரா பாட்டைப் பாடுறார். முன்னாடி நின்னு குச்சி வீசி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துறவர்தான் கண்டக்டர். அன்னிக்கு அந்தக் குச்சியைப் பிடிச்சுட்டு நிக்கிறது யூமி, ஏபிபி கம்பெனியோட ரெண்டு கை ரோபோ. ஒரு கைக்கு ஏழு மூட்டு.

கண்டக்டர் ஆந்திரேயா கொலொம்பினி எப்படி வீசுவாரோ அதே மாதிரி, குழந்தை கையைப் பிடிச்சு 'அ' எழுத வைக்கிற கணக்கா ரோபோ கையை நகர்த்திப் பதிவு பண்ணாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல பாட்டோட நேரத்துக்குச் சரி பண்ணாங்க. அவ்ளோதான். மேடையில ஓடுனது அந்தப் பதிவு. கை இருக்கு, காது இல்ல.

இதுல எங்க உதைக்கும்? பாட்டு முடியுற இடத்துல பாடகர் மேல் ஸ்தாயில ஒரே சுரத்தை நீட்டி, ஒரு கார்வை பிடிச்சு நிப்பார். எத்தனை விநாடிங்கிறது அன்னிக்கு அவர் மூச்சைப் பொறுத்தது. மனுஷ கண்டக்டர் கையை மேலயே நிறுத்தி வெச்சு அவரையே பார்த்துட்டு இருப்பார். பதிவு பண்ண கை, பதிவு பண்ண விநாடில இறங்கிரும். அப்போ யார் யாருக்கு அனுசரிச்சுப் போறாங்கன்னு நீங்களே சொல்லுங்க!

இன்னொண்ணு, முதல் அடிக்கு முன்னாடி கை மேல போகுமே, அந்தத் தயார் அடி. எவ்ளோ வேகம், எவ்ளோ சத்தம், ரெண்டும் அதுலயே தெரிஞ்சாகணும். ஊதுறவங்க மூச்சை உள்ள இழுக்குறதும் அதோடதான். அது தெளிவா இல்லன்னா, ஊதுற வாத்தியங்கள்ல ஓபோ முந்தும், ஹார்ன் பிந்தும்.

2023 ஜூன்ல சியோல்ல கொரியத் தேசிய இசைக்குழுவை நடத்துன எவர் 6 ரோபோவும் ஒரு கண்டக்டரோட அசைவைப் பதிவு பண்ணி ஆடுனதுதான். சரி, ரோபோவுக்குக் காதா மைக் வெச்சா? வைக்கலாம். ஆனா 12 மீட்டர் பின்னாடி இருக்குற டிரம் சத்தம் வந்து சேரவே 35 மில்லிசெகண்ட் ஆகும், முன்வரிசை வயலின் உடனே கேக்கும். டிரம் நிஜமாவே தாமதமா, தூரத்தால தாமதமான்னு பிரிக்கணும். பிரிச்சாலும், கேட்டப்புறம் வீசுனா லேட். அடுத்த அடியை முன்கூட்டியே ஊகிக்கணும். அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல உருவான ஷிமோன் ரோபோ, கூட வாசிக்கிறவரைக் கேட்டு மரிம்பாங்கிற மரக்கட்டை வாத்தியத்துல பதில் வாசிக்கும். அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒருத்தரைக் கேக்குறது வேற, அறுபது பேரைக் கேக்குறது வேற.

நம்ம கச்சேரிலயும் எலக்ட்ரானிக் தம்புரா எப்பவோ உக்காந்தாச்சு. தம்புரா யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல, அதனால பிரச்சினையும் இல்ல. கோயில் மோட்டார் மேளத்தைப் பாருங்க. மோட்டார் சுத்தச் சுத்த, குச்சி தூக்கித் தூக்கி முரசுல விழும், கூடவே மணியும் சேகண்டியும். தவில்காரர்னா அர்ச்சகர் கையைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், தட்டு இறங்குனதும் முடிப்பார். மோட்டாருக்கு, தீபாராதனை முடிஞ்சதும் யாராவது ஓடிப்போய் சுவிட்சை அணைக்கணும்.