கல்லாச் சாவி யார் கையில்?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியையும் அன்போடு எடுத்துக்கொண்ட துணைத்தலைவர் அவர்களே, மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இடமிருந்தும் கடைசி வரிசையில்தான் உட்காருவோம் என்று பிடிவாதமாக அமர்ந்திருக்கும் மீட்பு இல்லத்து நண்பர்களே, வணக்கம். தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நன்றாக இருக்காது. நாற்காலி போட ஆள் வரவில்லை என்றதும் அவரே போட்டார். செயலாளரும் போட்டாராம். நான் பார்க்கவில்லை, சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

போதை மீட்பு இல்லங்களில் தங்கியிருப்பவர்களுக்குச் சமூகத் தொழில்முனைவை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, என்ன தொழில். இரண்டு, எப்படிப் பாடம். மூன்று, இல்லத்தை விட்டு வெளியே போன பிறகு என்ன.

முதல் செய்தி சின்னது. சமூகத் தொழில் என்றால் தர்மம் இல்லை. பொருளை விற்று, செலவு போக மிஞ்சுவதை ஒரு சமூகக் காரியத்துக்குத் திருப்புவது. பொருள் நன்றாக இருக்க வேண்டும். ‘பாவம், குடியை விட்டவர் செய்தது’ என்று வாங்குகிறவர் ஒரு தடவைதான் வாங்குவார். தையல் பிரியாத பையாக இருந்தால் மறுபடி வருவார். என்ன தொழில் என்பதை இல்லத்தில் இருப்பவர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். அவ்வளவுதான்.

இனி பாடம். என் பாடம் எப்போதும் ஒரே பழமொழியில்தான் தொடங்கும். என்னை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

ஓர் இல்லத்தில் முதல் வகுப்பு. பலகையில் இதை எழுதிவிட்டு, “கையில் முதல் இல்லாமல் ஒரு தொழிலை எப்படித் தொடங்குவீர்கள்?” என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். “சார், பத்து வருஷம் தினமும் காலையில் வெறுங்கையோடு எழுந்து, பொழுது சாய்வதற்குள் எனக்கு வேண்டிய பணத்தைப் புரட்டியவன் நான். எனக்கா முதல் பற்றிப் பாடம்? ஆற்றில் போடுவதெல்லாம் நன்றாகத் தெரியும். அளக்கத்தான் தெரியாது” என்றார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கணக்கு நோட்டை அவரிடம் கொடுத்தேன்.

நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. காசு கையில் வந்தால் பழைய நினைப்பு வரும் என்றார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், மருத்துவர் அம்மாவும் ஒத்துக்கொள்வார். பலருக்குச் சம்பள நாள்தான் சறுக்குகிற நாள். அதனால் எண்ணும்போது இருவர் இருக்க வேண்டும், எழுதுவதை மூன்றாமவர் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். துணிப்பை தைத்து விற்றார்கள்.

ஒரு நாள் மாலை கணக்கு ஒட்டவில்லை. செய்தி அலுவலகத்துக்குப் போய்விட்டது. ‘அப்போதே சொன்னோமே’ என்றார்கள். கணக்கு நோட்டு வைத்திருந்தவர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாராம், அதுவும் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனால், நிர்வாகி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் கல்லாப் பெட்டி. “எவ்வளவு குறைகிறது?” என்று கேட்டேன். “குறையவில்லை சார், கூடுகிறது” என்றார். மூன்று பையின் விலை கூடுதலாக இருக்கிறது, பையிலும் மூன்று குறைகிறது, ரசீது மட்டும் இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. முந்தின நாள் மூன்று பையை எடுத்துக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று பணத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தவன் நான்தான்!

அவர் நோட்டை என் முன்னால் தள்ளி, “சார், ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னது நீங்கள்தானே?” என்றார். கையெழுத்து வாங்கிய பிறகுதான் விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக நிறுத்தியவர்களுக்கு முதல் சில மாதங்களில் கவனமும் நினைவும் முழுதாகத் திரும்பியிருக்காது. அதனால் பாடம் குட்டிக் குட்டியாக இருக்கட்டும். முதல் பெரிய விற்பனையும் ஒரு வகைப் போதைதான், அன்றைக்கு ஒரு கண் வையுங்கள். அப்புறம், கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1971இல் தொடங்கிய டெலான்சி ஸ்ட்ரீட் என்ற மீட்பு இல்லம் இதில்தான் நிற்கிறது. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் போன்றவற்றை அங்கே தங்கியிருப்பவர்களே நடத்துகிறார்கள். வருமானம் பொதுவில் சேரும், தனிச் சம்பளம் கிடையாது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அதைப் பல ஆண்டுகள் நடத்திய மிமி சில்பர்ட் அம்மையாரும் சம்பளம் வாங்கவில்லை என்பதால் சண்டை போட மனம் வரவில்லை.

ஆனால் எல்லாரும் அப்படியா? 1958இல் அமெரிக்காவில் சார்லஸ் டெடரிக் தொடங்கிய சினனான் என்ற போதை மீட்பு அமைப்பைப் பாருங்கள். பிற்காலத்துச் சிகிச்சைக் குடியிருப்புகள் பலவற்றுக்கும் அதுதான் முன்னோடி. தொழில் நடந்தது, பணமும் சேர்ந்தது. தலைவரைக் கேள்வி கேட்கத்தான் ஆளில்லை. 1978இல், எதிர்த்து வழக்காடிய வக்கீலின் தபால் பெட்டியில் விஷப்பாம்பை வைக்கிற அளவுக்குப் போனது. 1991இல் கடையைக் கட்டினார்கள்.

அதே 1991இல் இத்தாலி 381ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலை தரும் கூட்டுறவுகளில், தொழிலாளர்களில் குறைந்தது 30 சதவீதம் அவர்களாகவே இருக்க வேண்டும். போதையிலிருந்து மீள்பவர்களும் அதில் அடக்கம். அதோடு, அவரவர் நிலை இடம் கொடுக்கும் அளவுக்கு அவர்கள் அந்தக் கூட்டுறவின் உறுப்பினர்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தலைவர் அவர்களே, இந்த ஒரு வரிக்காகத்தான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன். கூலி இல்லாமல் நாள் முழுக்கத் தைக்கவைத்துவிட்டு அதற்கு ‘தொழில் சிகிச்சை’ என்று பெயர் வைக்கிற இல்லங்கள் இருக்கின்றன. தொழில்முனைவோர் என்று சான்றிதழ் கொடுப்பார்கள், கல்லாச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். விலையை யார் வைத்தது, மிச்சத்தை யார் எடுத்தது என்று தெரியாதவரை தொழில்முனைவோர் என்று எப்படி அழைப்பது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இல்லங்களுக்கும் சேர்த்துத்தான்.

துணைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மூன்றாவது செய்தியைத் தொடவே இல்லை, அடுத்த முறை அழைத்தால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வாசலில் ஒரு மனு இருக்கிறது. இல்லத் தொழிலின் கணக்குக் குழுவில் பாதிப் பேர் அங்கே தங்கியிருப்பவர்களாக இருக்க வேண்டும், வேலைக்குக் கூலி எழுதப்பட வேண்டும், இரண்டே கோரிக்கைகள். போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பேனாவை மட்டும் மறக்காமல் திருப்பி வையுங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கிறவர், நான் சொன்னேனே, அந்தக் கணக்கு நோட்டுக்காரர். எண்ணி வைத்திருக்கிறார். வணக்கம்.