காத்திருக்கத் தெரிந்த பதார்த்தம்

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்து எடுத்துவந்து, எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுகிற பாட்லக் விருந்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த விருந்துமுறை மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. ஒரு வீட்டார் மட்டும் அடுப்படியே கதியென்று கிடக்காமல், வருகிறவர்கள் எல்லோரும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் விருந்து இது. ஆனால் அழைப்பு வந்த நாளிலிருந்தே ஒரு கேள்வி மனதைக் குடையும். என்ன செய்துகொண்டு போனால் எல்லோருக்கும் பிடிக்கும்?

வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கியது ஐந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். பாட்லக்குக்குச் செய்வது அப்படி இல்லை. இறக்குகிறோம், ஆறுகிறது, மூடி கட்டுகிறோம், வண்டியில் குலுங்கிக்கொண்டே போகிறது, மேசையில் உட்கார்கிறது, எல்லோரும் வந்து சேரும்வரை பேச்சு நீள்கிறது. வரிசையில் கடைசியாக நிற்பவர் கரண்டியைக் கையில் எடுக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். அந்தக் கடைசி ஆளுக்கு எப்படி ருசிக்கும் என்று யோசித்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. காத்திருக்கத் தெரிந்த பதார்த்தமே பாட்லக்குக்குப் பொருத்தமான பதார்த்தம். எத்தனை ருசியாகச் சமைத்தாலும், காத்திருக்கத் தெரியாத பதார்த்தம் அந்த மேசையில் தோற்றுத்தான் போகும்.

பொரித்த பண்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த உடனே அவற்றை மிஞ்ச எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் அந்த ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகி, மறுபடி பண்டத்தின் மேலேயே சொட்டும். மூடாமல் எடுத்துப்போனாலும் உள்ளே உள்ள ஈரம் மெல்ல மெல்ல மேல்தோலுக்கு வந்து மொறுமொறுப்பை அழித்துவிடும். போகிற இடத்தில் ஓவன் இருக்கிறது, பத்து நிமிடம் சூடேற்ற விடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் கொண்டுபோகலாம். இல்லையென்றால் வேண்டாம்.

பாஸ்தாவும் நூடுல்ஸும் வேறு விதமாகக் கைவிடும். அடுப்பை அணைத்த பிறகும் அவை சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டில் தளதளவென்று இருந்தது மேசைக்கு வரும்போது ஒரே கட்டியாகியிருக்கும். பாஸ்தாதான் செய்வேன் என்றால் அரைவேக்காட்டுக்குச் சற்று மேலே இறக்குங்கள், சாஸைத் தேவைக்கு மேல் நீர்க்க வையுங்கள். ஓவனில் வைத்து எடுக்கும் அடுக்குப் பாஸ்தா இதில் விதிவிலக்கு. அரை மணி நேரம் ஆறினால்தான் அது வெட்டுவதற்கே வாகாக இருக்கும். கீரை இலைகள் போட்ட சாலட்டில் உப்பும் எலுமிச்சையும் முன்கூட்டியே சேர்த்தால் இலை வாடித் தொங்கிவிடும். அடித்த கிரீம் வைத்த இனிப்பு வெயில் நாளில் சரிந்துவிடும். இவற்றையெல்லாம் வீட்டுக்கு வருகிற நாலு பேருக்குச் செய்து கொடுங்கள், அங்கே நன்றாக எடுபடும்.

அப்படியானால் எது காத்திருக்கும்? பயறு, கடலை வகைகள் காத்திருக்கும். நேரம் போகப்போக மசாலாவும் புளிப்பும் உள்ளே இறங்கி ருசி கூடவே செய்யும். மெதுவாக வேகவைத்த இறைச்சிக் குழம்பும் அப்படித்தான். தசையை இணைக்கும் கொலாஜன் மெல்ல உருகி ஜெலட்டினாகி, குழம்புக்கு ஒரு கனத்தைக் கொடுத்துவிடும். முதல் நாள் செய்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்து எடுத்துப்போனால் இன்னும் நன்றாக இருக்கும். ஓவனில் சுட்ட காய்கறிகள் ஆறினாலும் ருசி குறையாது. உருளைக்கிழங்கு சாலட்டும் நம்பலாம். அதற்கு ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. கிழங்குத் துண்டுகள் வேகும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். அமிலம் இருந்தால் காயைச் சேர்த்துப் பிடிக்கும் பெக்டின் அவ்வளவு சுலபமாகக் கரையாது, துண்டுகள் குழையாமல் முனையோடு நிற்கும். கேக் செய்வதானால் வெண்ணெயைவிட எண்ணெய் சேர்த்த கேக் காத்திருப்புக்கு ஏற்றது. வெண்ணெய் ஆறினால் இறுகும், எண்ணெய் இறுகாது. அதனால் மறுநாளும் கேக் மெத்தென்று இருக்கும்.

ஒரே ஒரு பதார்த்தத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், கொண்டைக்கடலை சாலட். முதல் முறை பாட்லக்குக்குப் போகிறவர் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

அரை கிலோ கடலையை உப்புத் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். 'உப்புப் போட்டால் கடலை வேகாது' என்று சொல்வதுண்டு. ஊறும் தண்ணீரில் உப்பு இருந்தால் தோல் இன்னும் மிருதுவாகத்தான் ஆகும், தைரியமாகப் போடுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு மேலாகப் பெருகியிருக்கும். விரலால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் மசிய வேண்டும், ஆனால் முழுசாக நிற்க வேண்டும். தண்ணீரை வடித்ததும், கடலையில் ஆவி பறக்கும்போதே எலுமிச்சைச் சாறு, எண்ணெய், உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் எல்லாவற்றையும் விட்டுப் புரட்டுங்கள். இந்த இடத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சூட்டோடு சேர்த்தால் கடலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு சேர்த்தால் மேலே பூசினாற்போல் நிற்கும், அடியில் சாறு தேங்கும்.

வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால் அதன் காரநெடி அடங்கிவிடும். வெள்ளரிக்காயை விதை நீக்கி நறுக்கி, உப்பிட்டு, ஒரு வடிகட்டியில் இருபது நிமிடம் விடுங்கள். அது விடும் தண்ணீரைப் பாருங்கள். இப்படி வடியவிடாவிட்டால் அத்தனையும் சாலட்டின் அடியில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். தக்காளி, கொத்தமல்லி, புதினா மூன்றும் தனி டப்பாவில் பயணம் செய்யட்டும், மேசையில் வைக்கும்போது கலந்தால் போதும். மற்ற பதார்த்தங்களும் இருக்கும் மேசையில் இந்த அளவு பதினைந்திலிருந்து இருபது பேருக்குத் தாராளமாக வரும்.

கிளம்புவதற்கு முன் ஆறிய நிலையில் ருசி பாருங்கள். இது முக்கியம். உணவு குளிர்ந்தால் ருசி மங்கும். இனிப்பில் இதை நன்றாக உணரலாம். நாக்கில் இனிப்பை மூளைக்குச் சொல்லும் வழியில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதம் இருக்கிறது. சூடு குறைந்தால் அதன் வேகமும் குறைந்துவிடும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும், உறைந்த ஐஸ்கிரீம் அளவாக இனிப்பதும் இதனால்தான். சூட்டில் சரியாக இருந்த உப்பும் புளிப்பும் ஆறியதும் போதாமல் தெரிவதுண்டு, அப்போது இன்னும் ஒரு சிட்டிகையும் ஒரு பிழிவும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்லக் மேசையில் வந்து குவிவது பெரும்பாலும் மாவுப் பண்டம்தான். சாதம், ரொட்டி, பாஸ்தா, கிழங்கு, கேக். எல்லாம் மெத்தென்று, எல்லாம் ஒரே நிறத்தில். 1981-இல் பார்பரா ரோல்ஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் ஒன்றை எழுதினார்கள்: ஒரு பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அந்தப் பண்டத்தின் மேல் உள்ள ஆசை குறையும், சாப்பிடாத வேறொன்றின் மேல் ஆசை அவ்வளவாகக் குறையாது. வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு இடம் இருப்பது இதனால்தான். அதே காரணத்தால், மெத்தென்ற பத்துப் பதார்த்தங்களுக்கு நடுவில் புளிப்பாக, நறுக்கென்று கடிபடும் ஒரு தட்டு இருந்தால் கை தானாக அங்கே போகும். ஆகவே விருந்தை நடத்துபவரிடம் 'மற்றவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள்?' என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலில் எது இல்லையோ அதைச் செய்யுங்கள்.

'எல்லோருக்கும் பிடிக்க வேண்டும்' என்று சொல்கிறோமே, பிடிப்பதற்கு முன்னால் எல்லோரும் சாப்பிட முடிய வேண்டும். இறைச்சி சாப்பிடாதவர் இருப்பார், பால் ஒத்துக்கொள்ளாதவர் இருப்பார், வேர்க்கடலை ஒரு துணுக்கு பட்டாலே மூச்சு முட்டுபவரும் இருப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களைப் பொட்டலத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். எள், மீன், முட்டை, கோதுமை எல்லாம் அதில் வரும். நாம் சட்டத்துக்காகச் செய்ய வேண்டியதில்லை, ஒரு துண்டு அட்டையில் பதார்த்தத்தின் பெயரையும் அதில் சேர்ந்தவற்றையும் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடலாம். முந்திரி, சீஸ், தயிர் போன்றவற்றைக் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். உங்கள் பாத்திரத்துக்கு உங்கள் கரண்டியையும் கொண்டுபோங்கள். ஒரே கரண்டி நாலு பாத்திரத்தில் புகுந்தால் அந்த அட்டைக்கு அர்த்தமே இல்லை.

சாப்பிடும் ஆளையும் நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் நின்றுகொண்டு சாப்பிடுவார்கள். ஒரு கையில் தட்டு, மறு கையில் முள்கரண்டி, அதற்கிடையில் பேச்சு. கத்தி வைத்து அறுக்க வேண்டியதும் எலும்பை எங்கே போடுவதென்று தவிக்க வைப்பதும் அங்கே பாதியில் நின்றுவிடும். ஒரு வாய் அளவுக்கு நறுக்கிச் செய்யுங்கள். கேக்கை வீட்டிலேயே துண்டு போட்டு எடுத்துப்போங்கள். முழு கேக்கை முதலில் வெட்ட எல்லோரும் கூச்சப்பட்டு, கடைசிவரை அது அப்படியே இருக்கும்.

இனி பாதுகாப்பு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. சூடாகப் பரிமாறுவது 60-க்கு மேலேயும், குளிராகப் பரிமாறுவது 5-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் ஒரே மணி நேரம்தான். பயண நேரமும் இந்தக் கணக்கில் சேரும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், அவை வேகும் சூட்டையும் தாங்கும். வெந்த சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் அழியாது. அதனால் முதல் நாளே சாதம் செய்தால் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெரிய பானைக் குழம்பை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஆழமில்லாத நாலைந்து பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். திரும்பச் சூடாக்கும்போது நடுவிலும் 74 டிகிரி வர வேண்டும். குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கர் சூட்டைக் காக்க நல்லது, ஆனால் ஆறியதைச் சூடாக்க உதவாது. அது சூடேற எடுக்கும் நேரமே ஆபத்தான நேரம். ஹாட் பாக்ஸில் எடுத்துப்போகிறவர்கள் முதலில் அதில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, அப்புறம் உணவை மாற்றுங்கள். சூடு வெகுநேரம் நிற்கும்.

அளவு பற்றிக் கேட்பீர்கள். இருபது பேர் வருகிறார்கள் என்றால் இருபது பேருக்கும் முழுப் பங்கு சமைக்க வேண்டாம். எல்லோரும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டிதான் எடுப்பார்கள். பாதிப் பேருக்கு வயிறாரப் போதும் அளவு செய்தால் சரியாக இருக்கும்.

சமைக்க நேரமோ வசதியோ இல்லாதவர்கள் தயங்கி ஒதுங்க வேண்டாம். நல்ல ரொட்டி, கழுவிய திராட்சை, உரித்த ஆரஞ்சுச் சுளைகள், ஒரு பை ஐஸ்கட்டி என்று எது வந்தாலும் அந்த மேசைக்கு வேண்டியதுதான். ஆப்பிளை நறுக்கினால் எலுமிச்சைச் சாறு தெளித்துவிடுங்கள், கறுக்காது.

புதிதாக ஒன்றைச் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒத்திகை பாருங்கள். சமைத்த உடனே ருசி பார்ப்பது ஒத்திகை ஆகாது. மூடி, ஒரு பையில் வைத்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளத் தோன்றினால் அதையே கொண்டுபோகலாம்.

விருந்து முடிந்ததும் மிச்சத்தை யார் எடுத்துப்போவது என்ற பேச்சு வரும். மூடியுள்ள சின்ன டப்பாக்கள் சிலவற்றைக் கொண்டுபோயிருந்தால் அங்கேயே பிரித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதை யாருக்கும் கட்டிக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் இப்போது கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.