கண்ணும் இல்லை, வாயும் இல்லை... இந்த டப்பாவுக்காகவா நான் கவலைப்பட்டேன்?

(திரையில்: ஒரு சின்னச் சிவப்புச் செவ்வகம் தத்தித் தத்திப் போகிறது)

இவர்தான் ஹீரோ. கை கால் கிடையாது. பெயர் மட்டும் உண்டு, தாமஸ். இந்த வீடியோ விளையாட்டின் பெயர் 'தாமஸ் வாஸ் அலோன்'. பாதி ஆட்டத்தில் ஒரு நீலச் சதுரத்துக்காக நான் பதறிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: இங்கிலாந்துக்காரர் மைக் பித்தெல் 2010-இல் 24 மணி நேரத்தில் செய்த ஃப்ளாஷ் (இணைய உலாவியிலேயே ஆடும்) விளையாட்டு, 2012-இல் 100 நிலைகளோடு (லெவல்) முழுசாக வந்தது. போதும்.

கதை? தானாக யோசிக்கத் தொடங்கிவிட்ட சில கணினி நிரல்கள், வெளியே போக வழி தேடுகின்றன. அவை பேசுவதில்லை. கதைசொல்லியாக வரும் டேனி வாலஸின் குரல்தான் அவற்றின் மனசைச் சொல்கிறது. அந்தக் குரலுக்கு 2013-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதே கொடுத்தார்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இங்கே தாவுகிற உயரம்தான் குணம்! மஞ்சள் ஜான் நெட்டை. எகிறிக் குதிப்பான், அந்தத் திமிரும் உண்டு. ஆரஞ்சு கிறிஸ் குட்டை. சின்ன வயதில் ஆட்டத்துக்கு ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்கப்பட்டவர்கள் கை தூக்குங்கள். கிறிஸ் உங்கள் ஆள். மற்றவர்கள் படிக்கட்டாக நின்றால்தான் அவனால் மேடு ஏற முடியும். அதனால் எந்நேரமும் எரிச்சல். குரல் அதைச் சொல்வதற்கு முன்பே நம் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது, அவனை வைத்துத் தாவித் தாவித் தோற்றது நாம்தானே! விட்டுவிட்டும் போக முடியாது. எல்லாரும் அவரவர் வடிவத்துக்கான வாசலில் நின்றால்தான் நிலை முடியும்.

அப்புறம் கிளேர். பெரிய நீலச் சதுரம், நடையும் மந்தம், தாவலும் மோசம். ஒருநாள் தண்ணீரில் விழுகிறாள். மற்றவர்கள் அதில் விழுந்தால் அவ்வளவுதான். இவள் மிதக்கிறாள்! உடனே தான் ஒரு சூப்பர் ஹீரோ என்று முடிவு கட்டிவிடுகிறாள். அதன்பின் மற்றவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு பரிசல் மாதிரி அக்கரை சேர்க்கிறாள். பல கோடி செலவழித்து முகத்தில் மயிர்க்கால் வரை வரைகிற விளையாட்டுகளில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

ஓவியம்: தட்டையான நிறங்கள், நீளமான கறுப்பு நிழல்கள். அழகு.

குறை இல்லையா? இருக்கிறது. புதிர்கள் ரொம்ப எளிது. ஒரே மேட்டில் ஐந்து பேரை ஒவ்வொருவராக ஏற்றுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. குரலை அணைத்துவிட்டு ஆடினால் பாதி நிலைகள் வெறும் வேலைதான்.

உங்கள் டப்பா எது, கமெண்டில் சொல்லுங்கள். நான் கிளேர். ஜான் என்று எழுதுகிறவர்களோடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.